அலாரம் அடிப்பதற்கு முன்

லிசிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் பாதியிலேயே சிரித்து மாட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்து சொன்ன விஷயம் இது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் இன்றைக்கு ராத்திரி தனியாகப் படுத்துப் பார்க்கலாம்.

பாலக்கரையில் மாடி வீடு. ஆஸ்டினுக்கு லிசி இரண்டாம் மனைவி. மூத்தவள் டோரதி மூளைக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. அவள் பெற்ற பெண் ஆஷ்லிக்கு இப்போது ஏழு வயது. ஹாலில் டோரதி போட்டோவுக்குத் தினமும் பூ. பீரோவின் மேல்தட்டு முழுக்க டோரதியின் புடவைகள். பக்கத்து வீட்டு விக்டரின் சம்சாரம் வாயைத் திறந்தால் டோரதி வைத்த மீன் குழம்பு. செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? உயிரோடு இருந்தால் ஒரு நாளாவது குழம்பில் உப்பு கூடிப்போகும். செத்தவள் சமையலில் அதுவும் நடக்காதே. லிசிக்கு வயிறு எரிந்தது. எல்லாவற்றையும் விட ஒன்றுதான் அவளை ரொம்ப அரித்தது. ஆஷ்லி அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டாள்.

ஆஷ்லிக்கு ராத்திரியில் படுக்கை நனைகிற பழக்கம் இன்னும் விடவில்லை. லிசி வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து ஸ்கூலுக்குப் பக்கத்திலேயே குழந்தை டாக்டர் ஒருவர் இருந்தார், அனுசுயா என்று பெயர். இது பிள்ளையின் தப்பு இல்லை, திட்டாதீர்கள் என்று சொல்லி ஒரு அலாரம் வாங்க வைத்தார். ஜட்டியில் ஒரு கிளிப், தோளில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, நடுவில் வயர். கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், கீ... கீ... என்று வீடே அதிரும். வீடு முழிக்கும், பிள்ளை முழிக்காது. அதுதான் வேடிக்கை. பெரியவர்கள் யாராவது ஓடி வந்து அவளை எழுப்பி, அவள் கையாலேயே அலாரத்தை நிறுத்த வைத்து, அவள் காலாலேயே பாத்ரூமுக்கு நடக்க வைக்க வேண்டும். நிஜமாகவே முழித்திருக்கிறாளா என்று தெரிய, படுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்து அதைப் பாத்ரூமில் திருப்பிக் கேட்க வேண்டும். போகப் போக, அலாரம் அடிப்பதற்கு முன்பே பிள்ளை தானாக எழுந்துகொள்வாள் என்றார் டாக்டர்.

லிசிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மீன் குழம்பில் ஜெயிக்க முடியாது, சரி. ராத்திரி எழுந்து வருகிறவள்தானே அம்மா? போட்டோவில் இருப்பவளால் எழுந்து வர முடியாதே. ஆஸ்டின் புரண்டு எழுந்தால்கூட, நீங்க படுங்க என்று அதட்டிவிட்டு அவளே ஓடினாள். காலையில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஜன்னலில் தலை முட்டத் தூங்கினாள். ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்த நாளும் உண்டு. ஆனாலும் பலன் தெரிந்தது. நனைகிற நாட்கள் குறைந்தன. பாத்ரூமுக்குப் போகும்போது ஆஷ்லி அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது ஆஸ்டின் சாதாரணமாகச் சொன்னான்.

"டோரதி இருந்திருந்தா இந்த மிஷினெல்லாம் தேவையே பட்டிருக்காது."

லிசி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் தூங்கியதும் பீரோவைத் திறந்தாள். டோரதியின் நீலச் சுங்குடிப் புடவையை உருவினாள். பிள்ளை படுக்கிற ரப்பர் ஷீட் மேல் பழைய புடவையை மடித்துப் போடுவது எந்த வீட்டிலும் வழக்கம்தான். லிசியின் பழைய புடவைகளே ஒரு மூட்டை கிடந்தன. இருந்தும் வேண்டுமென்றே இதை விரித்தாள். நனையட்டும் என்று நினைத்தாள். நன்றாக நனையட்டும்.

அன்றைக்கு ராத்திரி அலாரம் அடித்தது. லிசி தூக்கக் கலக்கத்தோடு போய்ப் பிள்ளையைக் கூட்டிப் போனாள், திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். காலையில் பார்த்தால் ஆஷ்லி சொட்டச் சொட்ட ஈரத்தில் கிடந்தாள். முகம் உர்ரென்று இருந்தது.

"ஏன்டா, நைட் போயிட்டு வந்தோமே?"

"நான் எங்க வந்தேன்? நானே அலாரத்தை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தேன். நீங்க அவளைத்தானே கூட்டிட்டுப் போனீங்க."

"யாரை?"

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னாளே... அவளை."

கனவு கண்டிருப்பாள் என்று லிசி விட்டுவிட்டாள். மறுநாளும் அதேதான். இவள் கூட்டிப் போய் வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாத்ரூம் தரைகூட ஈரமாக இருக்கிறது. ஆனால் பிள்ளை நனைந்து கிடக்கிறாள். வார்த்தையைக் கேட்டோமா, சொன்னாளா? அது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

ஆஷ்லி அவளோடு பேசுவதை நிறுத்தினாள். தலை பின்ன வந்தால் தள்ளிப் போனாள். உங்களுக்கு அவளைத்தான் பிடிக்கும் என்று அழுதாள். லிசி பாடுபட்டுப் பிடித்த விரல் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஆஸ்டினுக்கு நைட் ஷிஃப்ட். தூங்கவே கூடாது என்று லிசி ஆஷ்லியின் கட்டில் ஓரத்திலேயே படுத்தாள். வார்த்தை சொல்லிக்கொடுத்தாள். பூசணிக்காய். ஆஷ்லி சிரிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. செல்போனில் மணி பார்த்தாள். ரெண்டே கால். கண்ணைத்தான் மூடினாள்...

யாரோ நைட்டியை இழுத்தார்கள்.

சின்னக் கை.

அலாரம் அடிக்கவில்லை. அப்படியானால் பிள்ளை தானாகவே எழுந்துவிட்டாள். லிசிக்கு ஒரே பூரிப்பு. இருட்டில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கை ஜில்லென்று இருந்தது.

பாத்ரூம் வாசலில் கேட்டாள். "இன்னிக்கு வார்த்தை என்ன?"

சின்ன விரல்கள் அவள் கைக்குள் நெளிந்தன.

"மறந்துட்டியா? பரவால்ல."

மூச்சு விடுகிற சத்தம்... பிறகு, மெதுவாக...

"அடிக்க மாட்டீங்கல்ல?"

லிசி அந்தக் கையைத் தடவிக்கொடுத்தாள். "நான் ஏன்டா அடிக்கப் போறேன்? எத்தனை தடவை எழுப்பினாலும் வருவேன்."

"சரிம்மா."

அம்மா.

இதற்குத்தானே இத்தனை பாடும். லிசிக்குக் கண் நிறைந்துவிட்டது. டோரதி, இப்போது என்ன சொல்கிறாய் என்று மனசுக்குள் கேட்டாள். அந்தக் கையை இன்னும் இறுக்கினாள்.

கீ... கீ... கீ...

படுக்கையறையில்.

"ஆன்ட்டி..." ஆஷ்லியின் குரல். "ஆன்ட்டி, வாங்க..."

லிசி திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை.

கைக்குள் அந்தக் கை அப்படியே இருந்தது...

எப்படி ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கரண்ட் வந்தபோது ஆஷ்லியைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் ஆஷ்லி அவள் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். லிசி யாரிடமும் மூச்சு விடவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு டோரதியின் தங்கை பிரான்சி, எடமலைப்பட்டி புதூரிலிருந்து பூ வாங்கிக்கொண்டு வந்தாள். மேஜை மேல் கிடந்த அலாரத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். லிசி சொன்னாள். ராத்திரி எழுப்புவது, கையைப் பிடித்துக் கூட்டிப் போவது, அந்த இருட்டுக் கையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னாள். பிரான்சி வெகுநேரம் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"டோரதி அக்காவுக்கும் இந்தப் படுக்கை நனையற பழக்கம் இருந்துச்சுங்க. பெரிய பொண்ணாகிற வரைக்கும் இருந்துச்சு. எங்க அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. அப்புறம் வந்த சித்தி, பாய் நனைஞ்சா அடிப்பாங்க. அந்த பயத்துல அக்கா விடியற வரைக்கும் ஈரத்துலயே கிடப்பா. எழுப்பிக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல." பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "சித்தியை அம்மான்னு கூப்பிடச் சொல்லி அதுக்கும் அடி. கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்ல அவ" என்றாள்.

ஆஷ்லிக்கு இப்போது படுக்கை நனைவதில்லை. அலாரத்தைக் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. ஆனாலும் சில ராத்திரி லிசியின் நைட்டி இழுபடுகிறது. பயந்துகொண்டேதான் எழுந்திருக்கிறாள். இருட்டில் கையை நீட்டுகிறாள், பாத்ரூம் வரைக்கும் போய்விட்டு வருகிறாள்.

ஆஷ்லி இன்னும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாள். லிசியை அம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.