சாரங்கபாணி வாங்கிய அணி

பெண்கள் கால்பந்துக் கழகத்தைத் தொடங்கும்போது செம்மொழிக்கு வயது இருபத்தாறு. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை. மே மாதம் சம்பளம் கிடையாது. அப்பா ரெத்தினம் வயல்வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தவர். கல்லூரி அணியில் நான்கு வருடம் ஆடிய செம்மொழி, வற்றிக் கிடந்த ஏரிக்குள் பதினாறு பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து பழக்கினார். கழகத்தைப் பதிவு செய்து மாவட்ட லீக்கிலும் சேர்த்தார்.

ஐந்து வருடம் தாக்குப்பிடித்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் போக வண்டி கிடைக்காது. ஒரே பூட்ஸை இரண்டு பேர் பாதி ஆட்டத்துக்கு ஒருவராக மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் லீக்குக்குப் பேர் கொடுக்க வழியில்லை என்றிருந்தபோதுதான் சாரங்கபாணி வந்தார். தேங்காய் நார் ஆலை வைத்திருப்பவர்.

"நான் எல்லாம் பாத்துக்கிறேன் டீச்சர். கழகத்தை மட்டும் என் பேருக்கு மாத்திக் குடுங்க. நீங்க கோச்சாவே இருங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?"

செம்மொழி செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்தார். மறுவாரமே வேன் வந்தது. பூட்ஸ், சீருடை, காலையில் ஆளுக்கு இரண்டு முட்டை. அவர் வந்த மூன்றாவது வருடம் அணி மாவட்டக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தின் இரண்டு கோலையும் அடித்தவள் சுமையா. இடதுபக்க ஓரத்தில் அவளைத் துரத்திப் பிடிக்க எந்த அணியிலும் ஆள் இல்லை.

அதற்கு முன்பே சாரங்கபாணி அணிப் பட்டியல் எழுதும் படிவங்கள் ஒரு கட்டை நீட்டியிருந்தார். "ஒவ்வொரு தடவையும் உங்களைத் தேட முடியல. கோச் கையெழுத்து மட்டும் போட்டு வைங்க." எதுவும் நிரப்பாத படிவங்களில் செம்மொழி இருபது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேனையும் முட்டையையும் கொடுப்பவரிடம் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சுமையா பிளஸ் டூ முடித்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் கேட்டபோதுதான் தெரிந்தது: கோப்பை வென்ற அணி என்று சான்றிதழுக்காகச் சாரங்கபாணி அனுப்பியிருந்த பட்டியலில் அவள் பெயரே இல்லை. அந்தப் பதினெட்டுப் பெயர்களில் ஏழு பேரைச் செம்மொழி கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நார் ஆலைக்கு ஓடினார். சாரங்கபாணி கோபப்படவில்லை. டீ வரவழைத்தார்.

"ரெண்டு கோல் அடிச்ச பொண்ணு சார். அவ பேரை எடுத்துட்டு யாரு பேரையோ போட்டிருக்கீங்க."

"டீச்சர், நம்ம பிள்ளைங்க ஆட்டத்தை டிக்கெட் எடுத்தா பாக்குறாங்க? நான் போட்டதெல்லாம் எங்கேருந்து திரும்பி வரும்? ஒரு சர்டிபிகேட்டுக்கு எத்தனை அப்பன் அம்மா பணத்தோட வாசல்ல நிக்கிறாங்க தெரியுமா? நான் டீமை வாங்குனதே அதுக்குத்தான்."

"சுமையாவுக்கு இந்த வருஷம் விட்டா இல்ல சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு."

தஞ்சாவூரில் லீக் நடத்தும் சங்கத்துக்கு மூன்று முறை போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார்: "கழகப் பொறுப்பாளர் எழுதிக் குடுத்தாத்தான் எடுப்போம். நீங்க பொறுப்புல இல்லையே."

கலந்தாய்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் சுமையாவின் அம்மா நஜ்மா வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சீட்டு கெடைக்கும்னு நீங்க சொல்லித்தான் அவ அத்தா சரின்னாரு. குவைத்துலேருந்து தெனம் போன் பண்றாரு. நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"ஏதாவது பண்றேன்கா" என்றார் செம்மொழி. என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. பொய்யான பட்டியலில் உள்ள கையெழுத்து தன்னுடையது என்று தானே எழுதிக் கொடுப்பது. அப்போதாவது பட்டியலைத் திருத்துவார்கள் என்று நினைத்தார். அப்பாவிடம் சொன்னார்.

ரெத்தினம் கேட்டார்: "வேலை போயிருமே?"

"போயிரும்பா."

"அப்ப எழுதுறதை முழுசா எழுது. பாதியை மறைக்காத."

எழுதினார். சேர்க்கை அதிகாரிக்கும் சங்கத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினார். விசாரணை வந்தது. ஏழு போலிப் பெயர்களும் ரத்தாயின. ஆனால் பட்டியலே செல்லாது என்று சொல்லி, அதே பட்டியலில் இருந்த மற்றப் பதினொரு பேரின் சான்றிதழ்களையும் ரத்து செய்தார்கள். அவர்கள் உண்மையாக ஆடியவர்கள். அதில் நான்கு பேர் அந்த வருடம் கலந்தாய்வுக்குப் போக வேண்டியவர்கள். பட்டியலிலேயே இல்லாத சுமையாவுக்குத் திருத்தித் தர எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கழகத்தின் பதிவு போயிற்று. பள்ளி செம்மொழியை நிறுத்திவிட்டது.

கோச்தான் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று சாரங்கபாணி வாக்குமூலம் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதத்தோடு அவர் விஷயம் முடிந்தது. தை பிறந்ததும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இன்னொரு அணியை வாங்கினார்.

ஆட்டப் புகைப்படங்கள், நடுவர்களின் குறிப்புகள், உள்ளூர்ச் செய்தித்தாள் துண்டுகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு செம்மொழி அலைந்தார். ஏழு மாதம் கழித்துப் பதினொரு சான்றிதழ்களையும் திரும்ப வாங்கினார். அந்த நான்கு பேருக்கும் அதற்குள் சேர்க்கை முடிந்திருந்தது. ஒருத்தி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய சான்றிதழை வாங்கிக்கொண்ட அவள் அப்பா, "இப்ப இதை வச்சு என்னம்மா பண்றது?" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

சுமையா பட்டுக்கோட்டையில் பி.காம். படிக்கிறாள். ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டு, "நீங்க எழுதாம இருந்திருந்தா அவங்க நாலு பேராவது சேந்திருப்பாங்கள்ல டீச்சர்?" என்றாள்.

இப்போது அவர் ஒரு தேங்காய் மண்டியில் காய் எண்ணுகிறார். சுமையாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அரை நாள் விடுப்பு கேட்டுத் தஞ்சாவூர் போய் வருகிறார். பேருந்தில் நஜ்மாவைப் பார்த்துவிட்டால், உட்கார இடம் இருந்தாலும் படிக்கட்டுப் பக்கமாகவே நின்றுகொள்கிறார்.