மாமாவின் வயரில் பிழை இல்லை

ஒரு பற்றறிக்காக என் அப்பாவும் மாமாவும் ஒரு குளிர்காலம் முழுவதும் முகம் பார்த்துக் கதைக்காமல் இருந்தார்கள். இதைச் சொன்னால் இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் ஜேர்மனியில் இருந்தவர் அவர் ஒருவர்தான். எசன் நகரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் தனியாக இருந்தார். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எதையாவது கழற்றிப் பூட்டாவிட்டால் அவருக்குக் கை சும்மா இராது. என் சைக்கிள், அம்மாவின் மிக்சி, கீழ்வீட்டு ஜேர்மன் கிழவியின் ரேடியோ எல்லாம் அவர் கைபட்டவை. அவற்றில் சில அதற்குப் பிறகு வேலையும் செய்தன.

அவரிடம் ஒரு வோன்வாகன் இருந்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, உடுப்பு அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஜேர்மன்காரர் அதைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் கொண்டுபோவார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிரயாணம் என்றால் இன்னொரு எங்கள் ஆளின் வீடு. மாமா அதைப் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் இழுத்துப் போய், சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பாட்டி, அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர்கள் வீட்டில் குளித்து, நித்திரைக்கு மட்டும் அதற்குள் வருவார். வாசலில் கரண்ட் எடுக்க வசதியில்லாத வீடுகளும் உண்டு. அதற்காக ஒரு பெரிய பற்றறி வாங்கி, தானே வயர் இழுத்துப் பூட்டியிருந்தார். அந்த வேலையில் அவருக்கு அப்படியொரு பெருமை. வருகிறவர்களை எல்லாம் குனிய வைத்து, ஒழுங்காகக் கட்டியிருந்த அந்த வயர்களைக் காட்டுவார்.

மாமாவுக்குப் பாரிசில் கலியாணம் பொருந்தியதும் வோன்வாகன் எங்கள் கைக்கு வந்தது. அப்பாவுக்கு அதில் கொள்ளை ஆசை. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் எங்களை ஏற்றிக்கொண்டு ஒல்லாந்து, சுவிஸ் என்று ஒவ்வொரு சொந்தக்காரர் வாசலாக நிறுத்தினார். ஒரே குறை, அதன் மெத்தை. பார்சல் ஏற்றி இறக்குகிற வேலை அப்பாவுக்கு. மெத்தையில் படுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் ஓலைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து, நடுவில் நிலத்தில் விரித்துப் படுத்தார். விடியவிடிய எங்களில் ஒருவர் அவர் காலை மிதிப்பார்.

இலையுதிர் காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு ஜேர்மன் விவசாயியின் பழைய கொட்டகையில் இடம் எடுத்து வோன்வாகனை விட்டோம். பக்கத்தில் இன்னும் நாலைந்து வோன்வாகன்கள் போர்த்துக்கொண்டு நின்றன. கொட்டகையில் கரண்ட் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அப்பா போய்ப் பார்த்தால் பற்றறி செத்துக் கிடந்தது. கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நிலவறையில் சார்ஜ் ஏற்றி, திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டினார். அடுத்த முறை போனபோதும் செத்துக் கிடந்தது. புதுப் பற்றறி வாங்கிப் பூட்டினார். அதுவும் அதே வழியில் போனது. எல்லா லைற்றும் நிற்பாட்டியிருக்கிறது, தண்ணீர் மோட்டர் நிற்பாட்டியிருக்கிறது, குளிர்பெட்டி நிற்பாட்டியிருக்கிறது. பிறகு யார் குடிக்கிறார்கள் இந்தக் கரண்டை?

அப்பாவுக்குப் பதில் ஒன்றுதான் தெரிந்தது. கொம்பனி பூட்டிய வயரில் பிழை இராது. மச்சான் பூட்டிய வயரில்தான் எங்கேயோ ஒழுக்கு.

இதை மாமாவிடம் தனியாகச் சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அப்பா அதைச் சொன்ன இடம் ஒரு பிறந்தநாள் விழா மண்டபம். எசனில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அங்கே தட்டும் கையுமாக நின்றார்கள். யாரோ வோன்வாகன் எப்படி ஓடுகிறது என்று கேட்டார்கள். அப்பாவுக்குச் சபை கிடைத்துவிட்டது.

"மச்சான் நல்ல வடிவா ஒரு பழுதைப் பூட்டி என்ர தலையில கட்டிப்போட்டார்" என்றார்.

மாமா பக்கத்து மேசையில் இருந்தார். எழும்பி வந்து, "அத்தான், நான் உங்களை ஏமாத்தினனெண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"நான் சொல்லேல்ல. பற்றறி சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அப்பா பகிடி விட்டால் சிரிப்பது எனக்குப் பழக்கம். மாமா பாதிச் சாப்பாட்டோடு கை கழுவிவிட்டுப் போய்விட்டார். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

தை மாதம் முடிய மாமாவின் கலியாணம் இருந்தது. அம்மம்மாவுக்கும் அம்மப்பாவுக்கும் ஊரிலிருந்து வர விசா கிடைக்கவில்லை. மாப்பிள்ளைப் பக்கத்தில், சகோதரிக்குரிய தோழியின் இடத்தில், கூறைச்சேலை வைத்த தட்டோடு நிற்கவேண்டியவர் அம்மாதான். இருக்கிற ஒரே அக்கா. மாமா வேறொருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: அக்கா கட்டாயம் வரவேணும், அத்தான் விரும்பினால் வரலாம். அந்த 'விரும்பினால்' அப்பாவுக்கு மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"விரும்பினால் வாறதுக்கு நான் என்ன தெருவால போறவனோ?" என்றார். "போறதெண்டா எல்லாரும் போறது. இல்லாட்டி ஒருத்தரும் இல்லை."

அம்மாவும் தனியாகப் போகத் தயாராக இல்லை. தோழி மட்டும் வந்து நின்றால், அவளுடைய மனிசன் எங்கே என்று மண்டபம் முழுக்கக் கேட்கும். தம்பியின் கலியாணத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க அம்மாவால் ஏலாது. கலியாணத்துக்கென்று எடுத்த சேலை, அதற்குச் சட்டை தைக்கக் கொடுக்காமல் பையோடேயே கிடந்தது. அம்மா சண்டை போடவில்லை. அப்பாவுக்குச் சோறு போடும்போது "இன்னும் போடட்டோ" என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். அப்பா தானே எழும்பிப் போய்ச் சட்டியில் அள்ளிக்கொண்டு வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு மாமா வேண்டும். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை அப்பா என்னை எழுப்பி, "வா, கொட்டகைக்குப் போவம்" என்றார். சனிக்கிழமை எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். இலேசான காய்ச்சல் என்றாலும் மருந்தைத் தந்து அனுப்பிவிடுகிற மனிதர், அன்றைக்கு அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. நான் என் அதிர்ஷ்டத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன்.

சார்ஜ் ஏற்றிய பற்றறி ஏற்கெனவே வோன்வாகனில் இருந்தது. அப்பா ஒரு வயரை மட்டும் கழற்றி, அதற்கும் பற்றறிக்கும் நடுவில் மீற்றரை மாட்டினார். கரண்ட் வெளியே போய்க்கொண்டிருந்தால் அதில் இலக்கம் காட்டும். காட்டியது. பிறகு பியூசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். இலக்கத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. தண்ணீர் மோட்டரின் பியூசைப் பிடுங்கினார், இலக்கம் அசையவில்லை. குளிர்பெட்டியினதைப் பிடுங்கினார், அசையவில்லை. மாமா புதிதாக இழுத்த வயர்களின் பியூசைக் கடைசிக்கு முந்தியதாகப் பிடுங்கினார். இலக்கம் அப்படியே நின்றது. கடைசியாக, கொம்பனியே பூட்டிய உள் லைற்றுகளின் பியூசைப் பிடுங்கினார். இலக்கம் பூச்சியத்துக்கு விழுந்தது.

"லைற்றோ?" என்றேன். "லைற் ஒண்டும் எரியேல்லயே அப்பா."

"எனக்குக் குனிய ஏலாது, முதுகு பிடிச்சிட்டுது" என்று பியூசைத் திரும்பப் பூட்டினார். "நீ உள்ளுக்கப் போய் ஒவ்வொரு கதவாப் பார்."

நான் போனேன். அடுப்புக்கு மேலிருந்த பெட்டிகளைத் திறந்தேன், கதிரைகளுக்குக் கீழே தலையை விட்டேன், கக்கூசையும் பார்த்தேன். கடைசியில் உடுப்பு அலமாரி. அதன் கதவு சாத்தித்தான் இருந்தது, ஆனால் மேல்மூலை ஒரு விரலளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

கதவைத் திறந்ததும் அப்பாவின் ஓலைப்பாய் என் தலையில் விழுந்தது. சுருட்டி, நிமிர்த்தி, அடைந்து நின்ற பாய். அதன் மேல்நுனிதான் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறது. அலமாரிக்குள் மேலே ஒரு சின்னக் குண்டு பல்ப், பக்கத்தில் ஒரு சின்ன முளை. கதவு முழுதாகச் சாத்தினால் முளை அமர்ந்து பல்ப் அணையும். எங்கள் குளிர்பெட்டியில் இருப்பதுபோலத்தான். நான் விரலால் அமத்தினேன். பல்ப் அணைந்தது.

"பூச்சியம்" என்று வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

விட்டேன், எரிந்தது. அமத்தினேன், அணைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதமாக அந்தப் பல்ப் இருட்டுக்குள் தன்பாட்டில் எரிந்து, பற்றறிகளை ஒவ்வொன்றாகக் குடித்து முடித்திருக்கிறது. மாமாவிடம் வோன்வாகன் இருந்தபோது இந்தப் பிரச்சினை வரவேயில்லை, ஏனென்றால் மாமா மெத்தையில் படுக்கிற மனிதர்.

பாயை இழுத்துக்கொண்டு வெளியே போய், "அப்பா, உங்கட பாய்" என்றேன்.

அப்பா பாயைப் பார்த்தார். கோபிப்பார் என்று பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. "அப்ப, மாமாவின்ர வயரில பிழை இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"வடிவாச் சொல்லு."

"மாமாவின்ர வயரில ஒரு பிழையும் இல்லை."

"ம். நீதான் கண்டுபிடிச்சனி. நீயே எல்லாருக்கும் சொல்லு."

எனக்குச் சொல்லவா வேண்டும்? வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றாமலே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பு இல்லாததால் ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார். பிறகு தொலைபேசியைத் தூக்கி என் கையில் தந்தார். லண்டனில் அப்பாவின் அண்ணன் மனைவியான பெரியம்மாவுக்குச் சொன்னேன். பாரிசில் பெண்வீட்டாருக்குச் சொன்னேன். பிறந்தநாள் மண்டபத்தில் ஆகப் பலமாகச் சிரித்த அண்ணைக்கு, அவர் கேட்காமலே, பாய் நின்ற விதம் வரைக்கும் விளங்கப்படுத்தினேன். அப்பா அடுத்த அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்திருந்தார்.

பின்னேரம் மாமா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த மாமாவிடம் முதல் ஆளாக நானே சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு, என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, "வாங்கோ அத்தான்" என்றார். அப்பா "ஓம்" என்றார். அவ்வளவுதான். அம்மா தேத்தண்ணி போடப் போனார். திரும்பி வரும்போது அம்மா காரில் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். அடுத்த வாரம் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தார். பாரிசில் கூறைத்தட்டோடு அம்மா நின்ற படம் இன்னும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. அதில் அப்பாவும் இருக்கிறார், மாமாவின் தோளில் கை போட்டபடி.

போன வருடம் எனக்கு ஹம்பேர்க்கில் வேலை கிடைத்து, தனி வீடு எடுத்தேன். ஜேர்மனியில் வீடு தருவார்கள், லைற் தரமாட்டார்கள். கூரையிலிருந்து வெறும் வயர்தான் தொங்கும். லைற் பூட்ட மாமா எசனிலிருந்து வந்தார். ஏணியில் நின்று வயரை முறுக்கிக்கொண்டிருந்தவரிடம், அவருடைய மானத்தைக் காப்பாற்றியவள் நான் என்று பெருமை அடித்தேன்.

மாமா ஏணியில் நின்றே சிரித்தார். "உன்ர கொப்பர் அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னமே எனக்குப் போன் அடிச்சவர்."

"எதுக்கு?"

"வேலை முடிஞ்சு இருட்டில பற்றறியைப் பூட்டப் போயிருக்கிறார். அலமாரி இடுக்கால வெளிச்சம் தெரிஞ்சிருக்கு. மச்சான், அது என்ர பாய் எண்டார்."

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"கொம்மாதானே நம்பரை அமத்திக் குடுத்தவ."

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியென்றால் ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று கேட்டபோது, மாமா வயரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சபையில சொன்னதைப் போனில திருப்பி எடுக்கேலாது மச்சான், அதுக்கு நான் ஒரு ஆளை அனுப்புறன் எண்டவர்."

அந்த இருட்டில் அப்பா அலமாரிக் கதவைத் திறந்து தன் பாயைப் பார்த்திருக்கிறார். பிறகு அதை இருந்தபடியே வைத்து, கதவைச் சாத்தி, எனக்காகப் பல்பை எரியவிட்டு வந்திருக்கிறார். எங்கள் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்க வராது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் லண்டனிலும் பாரிசிலும் எசனிலும் ஒரே நாளில் கேட்டு முடித்திருக்கிறார். வீடு வீடாக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான்.