கம்ப்யூட்டருக்கு எட்டுக்கு ரெண்டு

எங்க ஆம்பூர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் சத்தார் மாதிரி ஒரு பேஜார் புடிச்ச மனுஷனை நான் பார்த்ததில்ல. தமிழ் டீச்சர் நான், பொறுமையா சொல்லணும்னுதான் பார்க்கறேன், முடியல. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பிள்ளைங்களுக்காக மார்க் பிச்சை எடுப்பார். "கையெழுத்து லேசாக் கோணல், போகட்டும், அரை மார்க் போடுங்க டீச்சர்."

பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டர் ரூமைத் திறக்கணும்னு அடம் புடிச்சார். சமன்பாட்டுல ஒரு நம்பரை மாத்தினா வரைபடம் ஸ்கிரீன்லயே வயித்தை எக்கும், தலைகீழாக் கவுறும், பிள்ளைங்க பார்த்தே புரிஞ்சுக்கும்னார். எச்.எம். ஜெயசீலன் சார் யோசிச்சார். "மொதல்ல அது பரீட்சை எழுதட்டும்."

எழுதிச்சே! அந்த ரூம்லயே, பரீட்சை நம்பரோட. நான்தான் சூப்பர்வைசர், என் தலையெழுத்து. சத்தார் சமன்பாட்டைத் தட்டினார், வரைபடம் அச்சாகி வந்தது. எச்.எம். சிவப்புப் பேனாவை எடுத்தார். மூலையில அளவுத்திட்டம் எழுதல, கட். அட்டவணை போடல, கட். எட்டுக்கு ரெண்டு, ஃபெயில். சத்தார் மறுகூட்டலுக்கு மனு போட்டார். கூட்டிப் பார்த்தாங்க, அதே ரெண்டு.

ஃபெயிலானவங்களுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வர முடியாதுன்னு மத்த ஃபெயிலுங்களை அதுகிட்ட கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. அதுல அம்பரீன் ஒருத்தி. அரையாண்டுல கணக்கு போச்சுன்னா படிப்பை நிறுத்தி, வீட்டுல ஷூ தைக்க உக்கார வெச்சிடுவேன்னு அவ அம்மா வஜீதா சொல்லிட்டாங்க.

பொண்ணு விடல. "சார், மைனஸ் போட்டா கவுந்துடுது!" அரையாண்டுல பாஸ், வரைபடத்துக்கு எட்டுக்கு எட்டு. சத்தார் ஸ்டாஃப் ரூம்ல பச்சைப் புள்ள மாதிரி அழுதார். கைக்குட்டையை நீட்டப் போய் நானே கண்ணைத் துடைச்சிக்கிட்டேன், சொல்றதுக்கு இன்னா வெக்கம்.

மறுநாளே அம்பரீன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு வந்தா. பாஸானவங்களுக்குக் கம்ப்யூட்டர் ரூம்ல இடமில்லையாம்.

"ஒரு ஆறு மார்க் கம்மி பண்ணுங்க சார்!"

பண்ணினா வீட்டுல ஷூ. பண்ணலைன்னா வாசல்ல நிக்கணும். சத்தார் சிவப்புப் பேனாவை எடுத்தார், திரும்ப வெச்சார்.

அந்த நேரம் பார்த்து எச்.எம். வந்தார். அரையாண்டுலயும் கம்ப்யூட்டர் ஃபெயிலாம்.

"ரெண்டாவது தடவை! இதோட பெத்தவங்க யாரு? இது பாஸாகற வரைக்கும் தெனம் வந்து பக்கத்துல உக்காரணும்."

"நான்தான் சார்"னா அம்பரீன்.

எச்.எம். அவளை மேலயும் கீழயும் பார்த்தார். "ஏம்மா, புள்ளைய இப்படியா வளர்க்கறது?"

அவ தலையைக் குனிஞ்சிக்கிட்டா. "இனிமே பார்த்துக்கறேன் சார்."