மாமா உயர்த்திய வீடு

அட்வான்ஸ் கொடுத்து முடித்த பிறகுதான் மாமா எங்களை மனை பார்க்கக் கூட்டிப்போனார். அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் நடந்தோம். அக்கா புருஷனான அவரும், அங்கேயே ஆளுக்கொரு மனை பேசியிருந்த கம்பெனிக் கூட்டாளிகள் மூவரும் முன்னால்; அக்காவும், அவள் பிள்ளையை இடுப்பில் சுமந்த நானும் பின்னால். மனையில் கால் வைத்ததும் அக்கா குனிந்து ஒரு கொத்துக் கோரையைப் பிடுங்கினாள். "இங்க தண்ணி நிக்கும்யா" என்றாள். கூட்டாளிகளில் ஒருவர், "இன்னா மாமே, ஊட்டம்மா நாத்து நட வந்துகீறாங்களா?" என்றார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் மாமாதான்.

அவருக்கும் தெரியாத விஷயமில்லை. செய்யாறு பக்கத்தில் அக்காவோடு சேர்ந்து அடுத்தவர் நிலத்துச் சேற்றில் நின்றவர்தான். கம்பெனி கொடுத்த காக்கி உடுப்பைப் போட்ட சில வருஷத்தில், கோரை எங்கே முளைக்கும் என்பதுகூட மறந்துபோயிற்று. வீட்டில் எதையும் பெண்டாட்டியைக் கேட்டுத்தான் செய்வதாகப் பெருமை பேசுவார். கேட்பார்தான், கருவாடா கீரையா என்று. மற்றதெல்லாம் கம்பெனி வாசல் டீக்கடையில் முடிவாகும். ராத்திரிச் சோற்றோடு சேதி நமக்கு வரும்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிள்ளை பார்க்க வந்தவள். எதற்கெடுத்தாலும் பயம். அக்கா வாயைத் திறந்தால் மாமா என்னை ஊருக்குத் துரத்திவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்ப்பேன்.

வீட்டு வேலை தொடங்கியது. பேஸ்மட்டம் ஒரு அடி போதும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மாமா ஷிப்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அக்கா போய், "நாலு அடி ஏத்தச் சொன்னாரு" என்றாள்.

"சாரு ஒரு அடின்னாரே?"

"நேத்து மனசு மாறிட்டாரு."

நான் பிள்ளையோடு பக்கத்தில் நின்றிருந்தேன். தன் பேரில் சொல்லியிருந்தால் அந்த மேஸ்திரி ஒரு கல்லைக்கூடத் தூக்கியிருக்க மாட்டான். அது அக்காவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கூட்டாளிகளோடு வந்து நின்றார். "யோவ் மேஸ்திரி, இன்னாய்யா இது, கோயில் கட்றியா?"

"நீங்கதான சார் ஏத்த சொன்னீங்கோ? ஊட்டம்மா வந்து சொன்னாங்களே."

மாமா அக்காவைப் பார்த்தார். நான் இறுக்கிய இறுக்கில் பிள்ளை வீறிட்டது. கூட்டாளிகள் மூவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் சொல்லவில்லை என்று மறுத்தால், பெண்டாட்டி அவரைக் கேட்காமல் வீடு கட்டுகிறாள் என்று டீக்கடை முழுக்கச் சிரிக்கும். "அட, ஆமா. நான்தான் சொன்னேன். மறந்துபூட்டேன்" என்றார். அக்கா அடி வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நாலு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் பக்கத்து மனைக்காரரிடம், தனக்கு அந்த யோசனை எப்படித் தோன்றியது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில், அதே தெருவில் ஒரு அடி பேஸ்மட்டத்தோடு கட்டிய கூட்டாளிகள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மூட்டை முடிச்சோடு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாமா வாசற்படியில் நின்று, "முன்யோசனை வேணும் மச்சான்" என்றார். கஞ்சி ஊற்றிய அக்காவிடம் கூட்டாளி பெண்டாட்டி ஒருத்தி கேட்டாள்: "நெஜமாவே உன் ஊட்டுக்காரரு யோசனையாக்கா?"

"ஆமா" என்றாள் அக்கா.

அந்த 'ஆமா'வை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. தனியாகக் கேட்டபோது, "ஊடு நனையல இல்ல? வுடு" என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் எவ்வளவு ஒற்றுமை என்று தெருவே மெச்சியது. ஒருத்தி யோசிக்க, ஒருத்தர் பேர் வாங்குவதற்கு அப்படி ஒரு பெயர்.

மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ரோட்டின்மேல் ரோடு போட்டு, இப்போது வீடு ரோட்டுக்குக் கீழே கிடக்கிறது. அன்று என் இடுப்பில் இருந்த பிள்ளை, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கப்போவதாகப் போன மாதம் சொன்னான். ஆபீஸ் சிநேகிதர்களோடு பேசி முடித்தாயிற்றாம். "மொதல்ல சாக்கடை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க" என்றாள் அவன் பெண்டாட்டி. "உனக்கு இன்னா தெரியும், சும்மா இரு" என்றான்.

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவ சொல்றத கேளுடா. இந்த ஊட்ட ஏத்துனது உங்கப்பன் இல்ல, நான்."

அவன் சிரித்தான். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு. எல்லாத்தையும் மாத்திப் பேசுது."

எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன். "நெஜம்தான்டா. நான் கூட நின்னேன்."

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பரிதாபமாகப் பார்த்தான். "கெழவிங்களுக்கு டீ போட்டுக் குடு" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, சிநேகிதனுக்குப் போன் செய்ய வெளியே போனான்.