பாலத்துக்கு எழுதிய மனு

தலைமைத்துவப் பயிற்சி என்று சொல்லிப் பத்து நாள் பஸ்ஸில் ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கண்டாக்கு. காலையில் எல்லோரும் கூடும் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறிப்பதைப் பார்ப்பது என் வேலை. விவசாய உத்தியோகத்தர்கள் கூட்டத்தோடு பஸ் ஏறியபோது, ஓசியில் ஊர் சுற்றலாம் என்றுதான் நினைத்தேன்.

பொலன்னறுவைப் பக்கம் நெல் விவசாயிகளின் கூட்டம் ஒன்றைப் பார்க்க வைத்தார்கள். அங்கே வாய்க்கால் உடைந்து கிடந்தது. ஒரு பெண் கதிரையை விட்டு எழும்பாமலே, எந்தத் திகதியில் ஆள் வரும், அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று அதிகாரியிடம் சிங்களத்தில் கேட்டார். அதிகாரியும் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தோட்டத்தில் என் முன்னால் யாரும் உட்கார்ந்ததே இல்லை. அதை நான் கவனித்ததும் இல்லை.

எங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. அதன் மேல் பலகைப் பாலம், பாதிப் பலகை உளுத்துப்போனது. கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா அதில் கால் விட்டு, முழங்கால் பிசகி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருந்தார். அடுத்த மழைக்குப் பாலம் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இதைப் பிரதேச சபையிடம் கேட்கலாம் என்று எனக்கு உறைத்ததே அந்தப் பயணத்தில்தான்.

வந்த மூன்றாம் நாள் பெரட்டிலேயே மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அப்புறம் செய்தேனே ஒரு காரியம்! சபைக்குக் கொண்டுபோகாமல், ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அதைத் தோட்டத்து மனேஜர் துரையின் மேசையில் வைத்தேன். பார்க்கலாம் என்றார். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி ஆபீசுக்குப் போவேன். மனு ஃபைல்களுக்கு அடியில் இருக்கும். வாயைத் திறக்காமல் திரும்பி வருவேன். வானம் கறுத்தால் பாலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த அக்கா இரண்டு தடவை என்னாச்சு என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். யாருமே கேட்கவில்லை. இந்தச் சனத்துக்கு ரோஷமே இல்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஒருநாள் பெரட்டில் வைத்து, உங்களுக்காக நான் ஒருவன்தான் அலைய வேண்டுமா என்று கத்தியும் விட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள்.

அடுத்த வாரம் மலையிலிருந்து இறங்கும்போது, பாலத்தடியில் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்கிற டேப்பும் கையுமாக நின்றார். கூடவே அந்த அக்காவும் நாலு பெண்களும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களே புது மனு எழுதி, சபைத் தலைவரான தவிசாளர் வீட்டு வாசலிலேயே போய் நின்று கொடுத்திருக்கிறார்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க நல்லவருங்க ஐயா. ஆனா ஒங்ககிட்ட சொன்னா தொரைகிட்ட போய்க் கேப்பீங்க. அதுக்குள்ள மழ வந்துரும்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போகச் சொல்லி உத்தியோகத்தர் என்னிடம் நீட்டினார். வாங்குவதற்கு முன்னால், என் கண் மேலே துரை பங்களாப் பக்கம் போய் வந்தது. ஒரு நொடிதான். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"குடுங்க சேர், நான் போறேன்" என்று நுனியை வாங்கிக்கொண்டு, பிசகிய காலை மெல்ல எடுத்து வைத்து, அந்த உளுத்த பலகைகள் மேல் நடந்தார்.