சின்னம்மாவுக்கு விட்ட இடம்

டார்னெய்ட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, பொகொங் மலையின் உச்சிப் புல்வெளிக்கு நாங்கள் போனது ஒரேயொரு படம் எடுப்பதற்காக. முதுகில் மூட்டையும் கையில் ஊன்றுதடியுமாக மலையேறியவர்களுக்கு நடுவே, அம்மா மாம்பழ நிறப் பட்டுச் சேலையும் காலில் அப்பாவின் விளையாட்டுச் சப்பாத்துமாக ஏறினார்.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. சுவிஸில் இருந்தார். இரண்டு பேருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. இருக்கும் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஊரில் சேர்ந்து எடுத்த படங்களெல்லாம் போரோடு போய்விட்டன. ஒரு படத்திலாவது தங்கையோடு நிற்க வேண்டும் என்று அம்மா ஏங்கினார்.

கலியாண வீட்டுக்கு வர முடியாதவர்களைப் பிறகு படத்தில் வெட்டி ஒட்டி, மணமக்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடும் ஆட்கள் நாங்கள். அதனால் ஏற்பாடு சுலபமாக இருந்தது. அங்கே கோடையில் சின்னம்மா ஒரு மலைப் புல்வெளியில், மாம்பழ நிறச் சேலை கட்டி, பக்கத்தில் ஓராளுக்கு இடம் விட்டு நின்று படம் எடுத்து அனுப்பிவிட்டார். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்குக் கோடை வர இன்னும் ஆறு மாதம் இருந்தது; அதுவரை அம்மா காத்திருந்தார். அதே நிறச் சேலைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார்.

"மாடு ஒண்டுதான் இல்லை. மற்றும்படி சுவிஸ்தான்" என்றார் அப்பா. முகத்தில் மொய்த்த இலையான்களை ஒரு கையால் விரட்டியபடியே போனைத் தூக்கிப் பிடித்தார்.

வெள்ளைப் பூக்களுக்கு நடுவே நின்று, இல்லாத தோளொன்றில் அம்மா கையைப் போட்டார்.

"கையைக் கொஞ்சம் பதிச்சுக் கீழ பிடியும். தங்கச்சி உம்மை விடக் கட்டையெல்லோ" என்றார் அப்பா.

"அவள் அப்ப பள்ளிக்கூடம் போனவள். பிறகு வளர்ந்திருப்பாள்."

கை உயர்ந்தது, தாழ்ந்தது. எந்த உயரத்தில் நிறுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அப்போது அவ்வழியே வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தானே எடுத்துத் தருவதாகப் போனை வாங்கிக்கொண்டார். அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் போகச் சொல்லி, "குளோசர், குளோசர்" என்றார். அப்பா அசைந்ததும் அம்மா, "அங்கால நில்லுங்கோ" என்று அதட்டினார். புருசன் பெண்சாதிக்குள் சண்டை என்று அந்தப் பெண்மணி நினைத்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது. எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்த இடம் எங்கள் அன்ரிக்கு என்று விளக்கினேன்.

அவர் முகம் மலர்ந்தது. அன்ரி பின்னால் ஏறி வந்துகொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். ஒன்றும் அவசரமில்லை, வரட்டும் என்று சொல்லி, போனைப் பிடித்தபடியே பாதையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா என் தோளை அழுத்தினார். அம்மா சிரிக்கவில்லை. போட்ட கையை எடுக்காமல் அவரும் திரும்பி, மரங்களுக்குள் வளைந்து இறங்கிய அந்தப் பாதையையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பெண்மணியின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் அம்மா அப்படிப் பார்க்கிறார் என்று அன்று நான் நினைத்தேன்.