மெழுகுதிரி சாயும் இடம்

வேலைக்குப் போகச் சப்பாத்தும் மாட்டியாயிற்று. ஆனாலும் றெமிஜியஸ் இன்னொரு தடவை மெழுகுதிரியைக் கொளுத்துகிறார். ஜன்னல் சட்டத்தின் ஓரமாக அதை மெல்ல நகர்த்துகிறார். சுடர் நிமிர்ந்து நின்றால் ஒரு தலையாட்டல். சாய்ந்தால், “ஆ, உதாலதான் காத்து வருது” என்று முணுமுணுத்து, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சுவரில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுகிறார். அந்த வீட்டில் புள்ளடி இல்லாத சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மெழுகுதிரி கோயிலில் பாதிரியார் மந்திரித்துக் கொடுத்தது. மனைவி மெற்றில்டாவுக்கு இதில்தான் கோபம். “இஞ்சேருங்கோ, புயலுக்கும் சாவுக்கும் எண்டு வைச்சிருக்கிற திரி. நீங்கள் காத்துப் பிடிக்கிறியள்.” பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமுவது அவருடைய பழக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் உறைந்த உணவு வைக்கும் களஞ்சியம் ஒன்றில் இருபத்தொரு வருடமாக வேலை. பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டில் பெட்டி அடுக்குகிறார். கதவை ஐந்து வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் மேலாளராக இருந்தாலும் விடமாட்டார்; “குளோஸ் த டோர்” என்று ஒரு அதட்டல். குளிர் எந்த ஓட்டையால் எப்படி நுழையும் என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. “அங்க ஐஸ்கிறீமுக்கு ஒரு அடிச் சுவர். இஞ்ச மனிசருக்கு நாலு அங்குலம்” என்பார், சிரிக்காமல்.

வீடு ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. கூரைக்குக் கீழே குளிர் தடுக்கும் பஞ்சு படிந்து பாய்போலக் கிடக்கிறது. நிலவறைச் சுவரிலோ பஞ்சே இல்லை. இதையெல்லாம் திருத்த அரசாங்கம் உதவிப்பணம் தருகிறது என்று அறிந்த நாளிலிருந்து மனிதருக்கு நிம்மதி போய்விட்டது. வேலை தொடங்குமுன் ஒரு சோதனை, முடிந்தபின் ஒரு சோதனை, நடுவில் பற்றுச்சீட்டு, படம், கையெழுத்து. எதுக்கும் கேட்டுப் பார்ப்போம் என்று முன்பே அந்தப் பணம் எடுத்திருந்த சீமோனைக் கோயில் வாசலில் கேட்டார். “எடுக்கலாம் அண்ணை. பதினாலு மாசம் இழுத்தடிச்சவங்கள், ஆனா தந்தவங்கள்.” தலைமயிர் வெட்டும் இக்னேசியஸோ கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதுறியள்? காசு தாறவன் வீடு முழுக்கப் பாப்பான்.”

முன்பொரு முறை, வாசலுக்கு வந்த ஒரு கோட்டுக்காரன் ‘இலவசம்’ என்று கையெழுத்து வாங்கி, சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பத்து வருட வாடகையைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். சூடு கண்ட பூனை அவர். ஆனால் உண்மையான பயம் அந்தப் பூனைப் பயமல்ல. இக்னேசியஸ் சொன்ன கடைசி வசனம்தான். வீடு முழுக்கப் பார்ப்பான்.

ஏனென்றால், நிலவறையில் நிலாணி வாடகைக்கு இருக்கிறாள். கணவன் கல்கரியில் வேலை. அவளும் ஒன்றரை வயது மகன் மிதுனனும் இங்கே. குளியலறையும் சின்னச் சமையல் குசினியும் தனி வாசலுமாக அந்த அறைகளை றெமிஜியஸ் தன் கையாலேயே கட்டினார். மாநகரசபையிடம் அனுமதி கேட்டுக் கட்டவில்லை. தெரிந்தால் அவளை வீட்டைவிட்டு எழுப்பச் சொல்லுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. தெரியாமலே விட்டாலும் அவள் போகத்தான் போகிறாள். சுவரில் தண்ணீர் முத்து முத்தாய் வேர்க்கிறது. பிள்ளைக்கு மார்கழி முழுக்கச் சளி இழுத்தது. “பங்குனி பிறந்தா வேற இடம் பாக்கிறன் அங்கிள், கோவியாதேங்கோ” என்று அவள் சொன்ன அன்று மெற்றில்டா சாப்பிடவில்லை. மிதுனன் மேலே ஏறி வந்து றெமிஜியஸின் சப்பாத்துக்குள் கரண்டி போடாத நாள் அந்த வீட்டில் ஒரு நாளா?

வேடிக்கை என்னவென்றால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளும் நிலாணிதான். அவருடைய இங்கிலீசு களஞ்சியத்துக்குப் போதும், படிவத்துக்குப் போதாது. மடிக்கணினியில் ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நின்றாள்.

“வீட்டில எத்தினை பேர் எண்டு கேக்கிறாங்கள் அங்கிள்.”

அவர் தொண்டையைச் செருமினார்.

“ரெண்டு எண்டு போடுறன்” என்றாள் அவளே. மிதுனன் அப்போது அவள் மடியில் இருந்து விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் சரியில்லை. ஊரில் யுத்த காலத்தில் வீடு வீடாக வந்து ஆட்களை எண்ணி எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் நல்லதுக்கு வந்ததில்லை. இது கனடா, வருகிறவர் குளிரை அளக்கத்தான் வருகிறார் என்று மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை சோதனையைத் தள்ளிப்போட்டார். மூன்றாம் தடவை தள்ளிப்போட வெட்கமாக இருந்தது.

சோதனை நாள் காலை வெளியே மைனஸ் இருபது. “நாங்கள் எங்கயாவது ஷொப்பிங் மோலுக்குப் போய் நிக்கிறம் அங்கிள்” என்று நிலாணி பிள்ளைக்குத் தொப்பி மாட்டினாள். தொப்பிக்குள்ளிருந்து இருமல் வந்தது. “உந்தக் குளிருக்குள்ள பிள்ளையைக் கொண்டு எங்க போறது? உள்ளுக்குள்ளயே இருங்கோ பிள்ளை. சத்தம் மட்டும் வேண்டாம்” என்று றெமிஜியஸ் தடுத்தார். நிலவறைப் படி இறங்கினால் முதலில் சூடாக்கி இயந்திரம் இருக்கும் சிறு அறை. அதன் கடைசியில் நிலாணியின் பக்கம் போகும் கதவு. அந்தக் கதவை அவர் சாத்தி, முன்னால் கிறிஸ்மஸுக்கு வைக்கும் நத்தார் மரப் பெட்டியையும் பழைய சப்பாத்துத் தட்டையும் அடுக்கினார். அடியில் ஒரு குளியல் துவாயைச் சுருட்டிச் செருகினார். களஞ்சியத்துக் கதவைக்கூட இவ்வளவு கவனமாக அவர் சாத்தியதில்லை.

சோதிக்க வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும், சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினாள். மெற்றில்டாவுக்கு அதிலேயே பாதிப் பயம் போய்விட்டது. முன் கதவில் சிவப்புத் துணிச் சட்டம் ஒன்றைப் பூட்டி, நடுவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தினாள். வீட்டுக் காற்றை விசிறி வெளியே இழுக்கும்போது குளிர் ஓட்டைகள் தாமாகவே காட்டிக்கொடுக்கும் என்றாள். சுவர்ப் புள்ளடிகளைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டு, நல்ல வேலை என்றாள். றெமிஜியஸ் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. மடியில் கனமிருக்கிறவருக்குப் பாராட்டும் பயம்தான்.

விசிறி இரைந்தது. அவள் படியிறங்கினாள், அவர் பின்னாலேயே இறங்கினார். சூடாக்கியை நிறுத்தியிருந்தது; விசிறியின் இரைச்சல் மேலேயே நின்றுவிட, அங்கே இருவருடைய மூச்சும் கேட்டது. அப்போதுதான் அந்தத் துவாய் அசைந்தது. யாரும் தொடவில்லை. கதவடியில் இருந்து ஒரு முனை நெளிந்து வந்தது. பிறகு சுருள் முழுதும் நகர்ந்து நத்தார்ப் பெட்டியில் மோதி நின்றது. இடைவெளியால் குளிர் சீறிக்கொண்டு வந்தது. கூடவே கொத்தமல்லி அவிந்த மணம். நிலாணி பிள்ளையின் சளிக்குக் கஷாயக் குடிநீர் காய்ச்சியிருக்கிறாள்.

இவ்வளவு நாளும் மெழுகுதிரியோடு வீடெல்லாம் திரிந்தவர், சுடர் ஆகக் கூடுதலாகச் சாயும் இடத்தைத் தானே பெட்டி அடுக்கி மறைத்து வைத்திருந்தார். உள்ளே ஒரு இருமல், உடனே யாரோ கையால் பொத்தியதுபோல் பாதியில் நின்றது. அந்தப் பாதி இருமலை அவரால் தாங்க முடியவில்லை.

சோதனைக்காரி கதவைப் பார்த்தாள், துவாயைப் பார்த்தாள். உள்கதவுகள் எல்லாம் திறந்திருந்தால்தான் அளவு சரியாக வரும் என்று மட்டும், கையிலிருந்த பலகைக் கணினியைத் தட்டியபடி சொன்னாள். பிறகு, படிவத்தில் இருந்ததை வாசித்துக் கேட்டாள்: இந்த வீட்டில் இரண்டு பேர்தானே?

றெமிஜியஸ் தொண்டையைச் செருமினார். பெட்டியைத் தள்ளினார். தட்டைத் தள்ளினார். கதவை அகலத் திறந்தார். கட்டில் விளிம்பில், போர்வைக்குள் பிள்ளையைச் சுற்றி வைத்துக்கொண்டு, அதன் வாயில் வைத்த கையை எடுக்காமல் நிலாணி இருந்தாள்.

“கையை எடுங்கோ பிள்ளை” என்றார் அவளிடம். பிறகு சோதனைக்காரியின் பக்கம் திரும்பி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற நாலு விரல்களையும் உயர்த்திக் காட்டினார்.